ஐஸ் பெட்டியில் உறங்கும் பச்சைக் காய்கறி!

புளியங்குடி!

பெயரிலேயே புளி இருக்கிறது. ஆனால் ஊருக்குப் புகழ் தேடித் தந்தது புளி அல்ல, எலுமிச்சம்பழம்!

தென்காசியில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். 2019-ம் ஆண்டு வரை நெல்லை மாவட்டத்தில் இருந்தது. இப்போது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள எலுமிச்சை மார்க்கெட்டில் இருந்து மூட்டை மூட்டையாகப் பழங்கள் கேரளத்துக்குப் போகின்றன. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்பேர்ப்பட்ட எலுமிச்சம்பழமே ஒரு விருந்தைக் கெடுத்து விடுமா?

கெடுத்து விடும்! அதுவும் ஐஸ் பெட்டியில் வைத்த பச்சைக் காய்கறியோடு சேர்ந்து கொண்டால், நிச்சயம் கெடுத்து விடும்!

மாப்பிள்ளை வந்தார்!

ஒரு வீட்டை மனதில் நினைத்துப் பாருங்கள். மகளுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகி இருக்கிறது. மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறார். நெல்லைச் சீமையில் மாப்பிள்ளை விருந்து என்றால் சொதி இல்லாமல் நடக்குமா? தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, பீன்ஸ், காரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி... எல்லாம் தயார்.

பட்டாணி மட்டும் ஐஸ் பெட்டியில் இருந்த பட்டாணி. அம்மா அதைக் காலை ஆறு மணிக்கே எடுத்து, ஒரு கிண்ணத்தில் கொட்டி, அடுப்பு மேடையில் வைத்து விட்டார். "ஐஸ் உருகட்டும்" என்பது அவர் எண்ணம். பதினோரு மணிக்குச் சொதி கொதிக்கும்போது பட்டாணியைப் போட்டார். கூடவே இரண்டு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தார். அது நன்றாகக் கொதித்தது.

மகள் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தாள்.

"என்னம்மா இது? பட்டாணி பழுப்பாப் போச்சே! தொட்டால் குழையுதே! பாலும் திரிஞ்ச மாதிரி இருக்கே!"

"கடைக்காரன் பழசைத் தலையிலே கட்டிட்டான்டி!" என்றார் அம்மா.

பாவம், கடைக்காரர்! இதில் அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. நடந்தது இரண்டு தவறுகள். ஒன்று, பட்டாணியை உருக விட்டது. இன்னொன்று, எலுமிச்சையை முந்திப் பிழிந்தது.

ஊசி போன்ற ஐஸ்!

பச்சைக் காய்கறி என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகளில் அடைபட்டு இருக்கிறது. அந்த அறைகள்தான் காய்க்கு விறைப்பைத் தருகின்றன. வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் "டக்" என்று ஒடிகிறது அல்லவா? அது இந்த விறைப்பினால்தான்.

தண்ணீர் ஐஸாக மாறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருத்து விடும். அதோடு ஊசி ஊசியாகப் படிகங்கள் உண்டாகும். அந்த ஊசிகள் அறைச் சுவர்களைக் குத்திக் கிழித்து விடும். உறைந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஐஸ் உருகியதும் கிழிந்த அறைகளில் இருந்து தண்ணீர் வெளியே ஓடி விடும். காய் துவண்டு விடும். தண்ணீரோடு சத்தும் வெளியேறி விடும்.

மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாக இருக்கும். சேதமும் அதிகம். சட்டென்று உறைந்தால் படிகங்கள் மிகச் சிறியவை. சேதமும் குறைவு. தொழிற்சாலையில் உறைய வைத்த பட்டாணிக்கும் வீட்டில் உறைய வைத்த பட்டாணிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். தொழிற்சாலையில் பட்டாணியின் மேல் கடுங்குளிர்க் காற்றை வேகமாக வீசுகிறார்கள். ஒவ்வொரு பட்டாணியும் தனித்தனியாக, சில நிமிஷங்களில் உறைந்து விடுகிறது.

பனிப் பிரதேசத்தில் கற்ற பாடம்

இந்த ரகசியத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? கனடாவின் வட கோடியில் வாழும் இனுயிட் மக்கள்!

கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912-ம் ஆண்டில் லாப்ரடார் என்ற பனிப் பிரதேசத்துக்குப் போனார். அங்கே இனுயிட் மக்கள் ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். வெளியே எடுத்த மீன் கடுங்குளிரில் கணத்தில் கல் போல உறைந்து விடும். மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் அந்த மீன் அன்று பிடித்த மீன் போல ருசியாக இருந்தது. "சட்டென்று உறைந்ததுதான் இதற்குக் காரணம்" என்று பேர்ட்ஸ்ஐ கண்டு கொண்டார்.

ஊர் திரும்பியதும் அவர் அதற்கு இயந்திரம் செய்தார். 1930-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற நகரத்துக் கடைகளில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. மீனும் இறைச்சியும் மட்டும் அல்ல. பட்டாணியும் பசலைக் கீரையும் அதில் இருந்தன.

இன்று லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் தமிழர்கள், வெளியே பனி கொட்டும்போது வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் சாப்பிடுகிறார்கள். துண்டு போட்டு உறைய வைத்த முருங்கைக்காய் அங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது.

உருக விடாதீர்கள்!

சரி, உறைந்த காயை எப்படிச் சமைப்பது?

முதல் விதி: உருக விடக் கூடாது. ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்ததும் நேராக அடுப்புக்குப் போக வேண்டும். பட்டாணி, பீன்ஸ், வெண்டைக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

கீரைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கீரை ஒரே கட்டியாக உறைந்திருக்கும். அப்படியே போட்டால் வெளிப்புறம் குழைந்து, உள்ளே ஐஸாகவே இருக்கும். ஆகவே பாதி உருகியதும் உதிர்த்துப் போட வேண்டும். அதையும் அடுப்பு மேடையில் வைத்து உருக்கக் கூடாது. ஐஸ் பெட்டிக்குக் கீழே உள்ள தட்டில், ஒரு கிண்ணத்தில் வைத்து உருக்க வேண்டும்.

இரண்டாவது விதி: தண்ணீரைக் குறைக்க வேண்டும். உறைந்த காயில் ஏற்கெனவே ஐஸ் இருக்கிறது. இரண்டு கப் காய்க்கு அரைக் கப் தண்ணீர் போதும். முதலில் தண்ணீரைக் கொதிக்க விட்டுப் பிறகு காயைப் போட வேண்டும்.

மூன்றாவது விதி: நேரத்தைக் குறைக்க வேண்டும். கடையில் வாங்கும் உறைந்த காய்கறி பெரும்பாலும் ஏற்கெனவே வெந்நீரில் முக்கி எடுத்தது. பச்சைக் காய்க்கு ஆகும் நேரத்தில் பாதியோ, கொஞ்சம் கூடவோ வெந்தால் போதும். பட்டாணிக்கு மூன்று நான்கு நிமிஷமே தாராளம். குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டால் பட்டாணி கூழாகி விடும்.

நான்காவது விதி பொரியலுக்கு. சட்டி அகலமாக இருக்க வேண்டும். தீ நன்றாக எரிய வேண்டும். காயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, காய் வதங்காமல் தண்ணீரிலே வேகும். மூடி போட வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: காயில் ஒட்டியிருக்கும் ஐஸை உதறி விட்டுப் போடுங்கள். காய்ந்த எண்ணெயில் ஐஸ் விழுந்தால் எண்ணெய் சீறித் தெறிக்கும். குழந்தைகள் அருகில் நிற்கக் கூடாது.

வெண்டைக்காய்க்கு இது மிகவும் முக்கியம். உருகிய வெண்டைக்காய் கொழகொழ என்று ஆகி விடும். ஐஸோடு சூடான சட்டியில் போட்டு, மூடாமல் வதக்கினால் கொழகொழப்பு அடங்கும்.

பச்சை ஏன் பழுப்பாகிறது?

இனி எலுமிச்சம்பழத்தின் கதைக்கு வருவோம்.

காய்கறிக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அந்தப் பச்சையத்தின் நடுவே மெக்னீசியம் என்ற உலோகத்தின் அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும் வரை நிறம் பளிச்சென்று இருக்கும். புளிப்பும் சூடும் சேர்ந்து தாக்கினால், அந்த மெக்னீசியம் தன் இடத்தை விட்டு வெளியேறி விடும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்து கொள்ளும். உடனே பச்சை மங்கி, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் வந்து விடும்.

எலுமிச்சை, புளி, தக்காளி, மோர் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். காயிலேயும் கொஞ்சம் புளிப்பு உண்டு. மூடி போட்டு வேக வைத்தால் அந்தப் புளிப்பு ஆவியாகி வெளியே போக முடியாது. அதனால்தான் கீரைச் சட்டியை மூடக் கூடாது என்று பாட்டிமார்கள் சொன்னார்கள்.

அப்படியானால் புளியங்குடிக்காரர்கள் எலுமிச்சையை விட்டு விட வேண்டியதுதானா?

வேண்டாம்! எப்போது பிழிவது என்பதுதான் விஷயம். அடுப்பில் இருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு பிழிய வேண்டும். புளிப்பு இருக்கும், சூடு குறைந்திருக்கும். பந்தியில் பரிமாறும் வரை பச்சை நிறம் மாறாது. தேங்காய்ப் பாலும் திரியாது. சூட்டினால் அழிந்து விடும் வைட்டமின் "சி"யும் ஓரளவு மிஞ்சும். சொதி வைப்பதில் கைதேர்ந்தவர்கள் கடைசியில்தான் எலுமிச்சை பிழிகிறார்கள். அந்தக் கைப்பழக்கத்துக்குள் ஒரு ரசாயன பாடமே இருக்கிறது!

புளிக் குழம்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. "புளித் தண்ணீர் ஊற்றிய பிறகு காய் வேகாது" என்பார்கள். அது உண்மை. புளிப்பு காயை எளிதில் குழைய விடாது. பச்சைக் காயை முதலில் வேக வைத்துப் பிறகு புளி விடுவது அதனால்தான். ஆனால் உறைந்த வெண்டைக்காய் முன்பே துவண்டது. அதற்கு இந்தக் குணமே உதவிக்கு வருகிறது. நன்றாக வதக்கி, கொதிக்கும் புளிக் குழம்பில் போட்டால் கரைந்து போகாமல் நிற்கும். நிறம் கொஞ்சம் மங்கும். குழம்பு எப்படியும் பழுப்பு நிறம்தானே! யாருக்கும் தெரியாது.

சிலர் பச்சை நிறம் மாறாமல் இருக்க ஆப்பச் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும். ஆனால் காய் குழைந்து விடும். வைட்டமின் சத்தும் அழியும். கண்ணுக்கு விருந்து, வயிற்றுக்கு நஷ்டம்!

வீட்டில் உறைய வைப்பது எப்படி?

பட்டாணி மலிவாக வரும் காலத்தில் இரண்டு கிலோ வாங்கி வைத்தால், விலை ஏறும்போது உதவும். ஆனால் உரித்ததை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் திணித்தால் பயன் இல்லை. காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல மெல்ல வேலை செய்யும். நிறமும் ருசியும் போய் விடும். வெந்நீரில் முக்கி எடுத்தால் அவை அடங்கும்.

அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் வையுங்கள். அது தளதள என்று கொதிக்க வேண்டும். பட்டாணிக்கு ஒன்றரை நிமிஷம். பசலைக் கீரைக்கு இரண்டு நிமிஷம். அதற்குத் தண்ணீர் இன்னும் கூட வேண்டும். பீன்ஸுக்கு மூன்று நிமிஷம். சிறிய வெண்டைக்காய்க்கு முழுசாக மூன்று நிமிஷம், பெரியதற்கு நான்கு. பிறகு உடனே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீரில் எத்தனை நிமிஷமோ, ஐஸ் தண்ணீரிலும் அத்தனை நிமிஷம்.

அப்புறம் தண்ணீரை நன்றாக வடித்துத் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஒரு தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி உறைய வையுங்கள். உறைந்த பிறகு பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு பை என்று சின்னச் சின்னதாகக் கட்டினால், தேவைக்கு மேல் திறக்க வேண்டி இராது. பையின் மேல் தேதி எழுதுங்கள்.

பச்சை மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் வெந்நீர் வேண்டாம். கழுவித் துடைத்து அப்படியே வைக்கலாம். வெள்ளரிக்காயை மட்டும் வைக்காதீர்கள். உருகினால் அது வெறும் தண்ணீர்!

எலுமிச்சம்பழத்தையும் முழுசாக உறைய வைக்கக் கூடாது. கடுங்குளிர் அதற்கு ஆகாது. உருகினால் தொளதொள என்று ஆகி விடும். சாற்றைப் பிழிந்து, ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைக்கலாம். பழம் விலை ஏறும் கோடையில் ஒரு கட்டி எடுத்துப் போட்டால் போதும்.

உங்கள் ஐஸ் பெட்டிக்கு எத்தனை நட்சத்திரம்?

உறைந்த காய்கறி மாதக்கணக்கில் இருக்க வேண்டுமானால், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர் வேண்டும். எல்லா வீட்டுப் பெட்டியும் அவ்வளவு குளிரைத் தராது.

ஐஸ் வைக்கும் அறையின் கதவில் பனித்துளி போல நட்சத்திரங்கள் போட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரி. அதில் ஒரு வாரம்தான் வைக்கலாம். இரண்டு நட்சத்திரம் என்றால் 12 டிகிரி; ஒரு மாதம் வரை வைக்கலாம். மூன்று நட்சத்திரம் என்றால் 18 டிகிரி. மூன்று மாதம் வரை வைக்கலாம். மின்சாரச் செலவைக் காட்டும் நட்சத்திரம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

மின்சாரம் நின்று விட்டால்? தனி உறை பெட்டியாக இருந்து, நிறையச் சாமான்கள் இருந்தால், கதவைத் திறக்காத வரை ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதி இருந்தால் 24 மணி நேரம். சின்ன ஐஸ் அறை அவ்வளவு தாங்காது. "உருகி விட்டதா?" என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் உருகுவதற்கு வழி!

திறந்தபோது காயில் ஐஸ் படிகம் இன்னும் இருந்தால் மறுபடியும் உறைய வைக்கலாம். ருசி மட்டும் குறையும். முழுக்க உருகி, வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் தூக்கி எறிய வேண்டும். நம் ஊர்க் கோடை வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை.

உயிருக்கு ஆபத்து!

"கொஞ்சம் உருகினால் என்ன? உயிரா போய் விடும்?" என்று கேட்கலாம்.

போயிருக்கிறது!

ஐரோப்பாவில் உறைந்த சோளத்தினாலும் அதோடு கலந்த காய்கறிகளாலும் ஒரு நோய் பரவியது. லிஸ்டீரியா என்ற கிருமிதான் காரணம். 2015-ல் தொடங்கி 2018 வரை ஐந்து நாடுகளில் 47 பேர் அந்த நோயில் விழுந்தார்கள். அவர்களில் 9 பேர் மாண்டார்கள். அந்தக் காய்கறிகளை உறைய வைத்தது ஹங்கேரி நாட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் என்று கண்டுபிடித்தார்கள்.

குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. உருகியதும் அது விழித்துக் கொள்ளும். லிஸ்டீரியாவோ ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டிலும் வளரும். கர்ப்பிணிகளுக்கும் வயோதிகர்களுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் அது எமன். நன்றாகச் சூடாக்கினால் அது செத்து விடும்.

ஆகவே உறைந்த பட்டாணியையும் சோளத்தையும் உருக்கிப் பச்சையாகத் தின்னக் கூடாது. பச்சடியில் கலப்பதானாலும், ஆவி பறக்க வேக வைத்து ஆற விட்டே கலக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது பையைத் தடவிப் பாருங்கள். பட்டாணி மணி மணியாக உருண்டால் நல்லது. எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக இருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடியும் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள். சாமான்கள் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, கடைசியாக அதை வாங்குங்கள். நேராக வீட்டுக்குப் போங்கள்.

பட்டாணியின் பச்சை மேல் சந்தேகம் வந்தால் அதற்கும் சோதனை உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் பட்டாணியைப் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையானால் அது சாயம்! இந்திய உணவுப் பாதுகாப்புத் துறையே மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் சோதனை இது.

எது நல்லது?

உறைந்த காய் நல்லதா, புதுக் காய் நல்லதா?

காலையில் தோட்டத்தில் பறித்து மதியம் சட்டியில் விழும் காய்க்கு எதுவும் ஈடாகாது. புளியங்குடி, சங்கரன்கோவில், பாவூர்சத்திரம் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பாக்கியம் பெற்றவர்கள். அவரைக்காயும் கத்தரிக்காயும் கீரையும் நாள்தோறும் கிடைக்கும் ஊரில், அவற்றை உறைய வைத்துச் சாப்பிட அவசியம் இல்லை.

ஆனால் பறித்து நான்கு நாள் ஆகி, லாரியில் வாடி, கடையில் தண்ணீர் தெளித்து வைத்த பட்டாணியை விட, பறித்த அன்றே உறைய வைத்த பட்டாணியில் வைட்டமின் "சி" அதிகமாக இருக்கலாம். பறித்த நேரம் முதல் அந்தச் சத்து குறைந்து கொண்டே போகிறது. உறைய வைத்தால் அந்த ஓட்டம் ஏறக்குறைய நின்று விடுகிறது.

இப்போது அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு மறுபடியும் போவோம்.

அடுத்த முறை மாப்பிள்ளை வரும்போது அம்மா அவசரப்படவில்லை. பட்டாணி ஐஸ் பெட்டியிலேயே உறங்கியது. மற்றக் காய்கள் வெந்த பிறகு, பட்டாணியை ஐஸோடு எடுத்துப் போட்டார். மூன்று நிமிஷம் கொதித்தது. பிறகு கெட்டிப் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கினார். கொதி அடங்கியதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்.

சொதியில் பட்டாணி மரகதம் போல மிதந்தது!

மாப்பிள்ளை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "பட்டாணி தோட்டத்துப் பட்டாணியா அத்தை?" என்று கேட்டார்.

"எலுமிச்சை நம்ம ஊர்த் தோட்டத்தது, மாப்பிள்ளை!" என்றார் மாமியார்.

பட்டாணியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை!